ஆளை வைத்துக்கொண்டு பேசு

ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவரை எதிரில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது எங்கள் அத்தைக்கு ஒரு பிடிவாதம். கொள்கை என்றெல்லாம் சொல்ல முடியாது. சிலருக்குத் தயிர் இல்லாமல் சாப்பாடு இறங்காது, அந்த மாதிரி. யாராவது குரலைத் தாழ்த்தி, "அவ சமாச்சாரம் தெரியுமா?" என்று ஆரம்பித்தால், "இரு, அவளயே கூப்டலாம்" என்பாள். கூப்பிட்டும் விடுவாள்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. கூடுவாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். நாங்கள் முடிச்சூர். அம்மா என் சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால் வீட்டில் நான், அப்பா, தாத்தா மூன்று பேர்தான். அத்தை அடிக்கடி ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருவாள். இப்போது ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கிறாள். காது மந்தமாகிவிட்டதாம். போனில் நான் ஒன்று கேட்டால் அவள் வேறொன்று சொல்கிறாள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது அவளுக்கு எப்போதும் ஒத்து வந்ததில்லை.

ஒருநாள் மேற்குத் தாம்பரத்திலிருந்து நானும் அவளும் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா, "இவன் ஓட்றதப் பாத்தா இன்னிக்கு வூடு போய்ச் சேர மாட்டோம் போலக்கீது" என்று என் காதில் முணுமுணுத்தார். எனக்கும் அதே பயம்தான். ஆட்டோவில் ஏறினால் கம்பியைப் பிடித்த கையை இறங்கும்வரை நான் எடுப்பதில்லை. அத்தை டிரைவரின் தோளைத் தட்டினாள்.

"தம்பி, இந்தம்மா நீ வேகமா ஓட்றேன்னு சொல்லுது."

எந்த அம்மா என்று அவன் முழுசாகத் திரும்பிப் பார்த்தான். எதிரே ஒரு மண் லாரி வந்துகொண்டிருந்தது.

"நா ஒண்ணும் சொல்லலப்பா. நீ ரோட்டப் பாரு" என்றார் அந்த அம்மா.

அவன் ரோட்டைப் பார்த்தான். அதற்கப்புறம் மெதுவாகத்தான் ஓட்டினான். இறங்கியதும், "கம்முனு வந்திருக்கலாம்ல அத்தை, உயிரே போயிடுச்சு எனக்கு" என்றேன்.

"அவன் ஓட்றதப் பத்தி உங்கிட்ட சொன்னா நீ இன்னா, பிரேக்கு புடிப்பியா?" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் பேச்சு நடக்கிற இடம் வாசல் கேட்டண்டை. வெள்ளத்துக்குப் பிறகு வாசலை உயர்த்தி, சரிவு போட்டு, இரும்பு கேட் வைத்தோம். பெரியப்பா காரை அதன் எதிரில் நிறுத்துவார். இறங்குவார், ஆனால் உள்ளே வரமாட்டார். காரின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். அப்பா கேட்டுக்கு இந்தப் பக்கம். யாருக்கு எங்கே பெண் பார்ப்பது, எந்த மனையை யாருக்குக் கொடுப்பது எல்லாம் அங்கேதான் முடிவாகும். யாரைப் பற்றிய பேச்சோ அந்த ஆள் உள்ளே அரிசி களைந்துகொண்டோ டிவி பார்த்துக்கொண்டோ இருப்பார். அவருக்கு விஷயம் வந்து சேரும்போது அதில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

ஒன்பதாம் வகுப்பில் நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டபோதும் கேட்டில் வைத்துத்தான் பேசினார்கள். டியூஷன் வைக்கலாமா, ஸ்கூலை மாற்றலாமா, எங்கேயாவது பயந்திருக்குமோ, மந்திரிக்கலாமா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. அத்தை வந்தாள். அவர்களைத் தாண்டி உள்ளே வந்து, ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்குடி போவல?"

"பயமா இருக்கு அத்தை."

"யாரப் பாத்து?"

யோசித்தேன். யாரும் இல்லை. "போர்டுல வந்து எழுதுன்னு கூப்டுவாங்களோன்னு."

"கூப்ட்டாங்களா?"

"இல்ல. கூப்டுவாங்களோன்னு."

அத்தை சிரிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அதுக்கு போர்டுல எழுத பயமாக்கீதாம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகும் நான் ஸ்கூலுக்குப் போகவில்லை. தையல் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அத்தை கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். அது நமக்குத் தோதான பதிலாக இருக்கும் என்று அவள் யாருக்கும் உறுதி கொடுத்ததில்லை.

அப்படித் தோதில்லாமல் போனதால்தான் பெரியப்பா அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டார். அவர் மகனுக்குப் பெண் பார்க்க வண்டலூர் போயிருந்தோம். கேசரி, பஜ்ஜி எல்லாம் வந்தது. பொண்ணுக்குப் பூரண சம்மதம் என்று தரகர் சொன்னார். "நீ தான சொல்ற, பொண்ணு எங்க சொல்லிச்சு?" என்று அத்தை எழுந்து போனாள். அந்தப் பெண்ணுக்கு எதிரிலேயே தரையில் குந்திக்கொண்டாள்.

"உனுக்கு இந்தப் பையனப் புடிச்சிருக்காம்மா?"

"இல்ல ஆன்ட்டி" என்றது அது.

பஜ்ஜித் தட்டை யாரும் அதற்கு மேல் தொடவில்லை. திரும்பி வரும்போது பெரியப்பாதான் கார் ஓட்டினார். பெருங்களத்தூர் வந்ததும், "இனிமே இவள எங்கயும் இட்டுனு வராதீங்க" என்றார். அத்தையிடம் இல்லை. காரின் கண்ணாடியிடம்.

தாத்தாவின் நிலத்தை மனை போட்டு விற்றபோது நடந்ததை நான் இன்றைக்கும் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியவில்லை. பங்கு வேண்டாம் என்று மகள் எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தைப் பெரியப்பா ஓர் ஆளிடம் கொடுத்து கூடுவாஞ்சேரிக்கு அனுப்பியிருந்தார். அத்தை அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தாவுக்கு எதிரில் சேர் போட்டாள். அவரை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"நைனா, எனுக்குப் பங்கு வாணாம்னு நீ சொன்னியா, இவங்களா எழுதிகினாங்களா?"

தாத்தா கண்ணாடியைக் கழற்றினார். "நாந்தான் சொன்னேன். உன்ன நல்ல எடத்துல குடுத்தாச்சு. அவனுங்களுக்கு இதான் கீது."

"சரி" என்று என்னிடம் பேனா கேட்டாள். கையெழுத்துப் போட்டாள். சாப்பிட்டாள். மீன் குழம்பில் புளி தூக்கல் என்று சமைத்த என்னிடமே சொன்னாள். சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாள். பதிவு ஆபீசுக்கு வரச் சொன்ன அன்றைக்கும் சரியான நேரத்துக்கு வந்து நின்றாள்.

மாமா இறந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வாயில் குழாயோடு. அத்தையை உள்ளே விட்டபோது அவரால் பேச முடியவில்லை. அதிலிருந்துதான் அத்தை இப்படி ஆனாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டலூரில் பெண் பார்த்தது மாமா இருக்கும்போதே.

மாமா போன மறு வருஷம் தாத்தாவுக்கு முடியாமல் போனது. சாப்பாடு இறங்கவில்லை, வயிற்றில் வலி, ஆள் பாதியாகிவிட்டார். ஸ்கேன் எடுத்த அன்று அப்பாவும் பெரியப்பாவும் டாக்டரின் அறைக்குள் போனார்கள். தாத்தாவை வெளியே பெஞ்சில் என்னோடு உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பி வந்த அப்பா, "ஒண்ணுமில்ல நைனா, அல்சர்" என்றார். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி கேண்டீன் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

வயிற்றில் ஆரம்பித்துக் கல்லீரல் வரைக்கும் போயிருந்தது. இந்த வயதில் ஆபரேஷனும் வேண்டாம், கீமோவும் வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். கடைசிக் காலத்து நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஓர் இடம் வண்டலூர் தாண்டி இருக்கிறது, அங்கே சேர்க்கிறீர்களா என்று யோசியுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவுக்கு அது முதியோர் இல்லம் என்றுதான் காதில் விழுந்தது. "நாம இன்னா அநாதைங்களா?" என்று கேட்டில் நின்று அப்பாவிடம் கேட்டார். அதற்கப்புறம் அந்த இடத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

அல்சர் என்று சொல்லியாகிவிட்டதால் அதற்கு ஒரு மருந்து வேண்டுமே. அப்பா மெடிக்கலில் ரோஸ் நிறத்தில் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மூடி. நான்தான் ஊற்றிக் கொடுப்பேன். தாத்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார். "சாக்குக் கட்டிய கரைச்ச மாதிரி கீது" என்பார். விழுங்கிவிட்டாரா என்று நான் நின்று பார்ப்பேன்.

எனக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. பார்க்க வருகிறவர்களைக் கேட்டிலேயே நிறுத்தி, "உள்ள போய் வாய் தவறிடாதீங்க, அல்சர்னு சொல்லியிருக்கோம்" என்று சொல்லி அனுப்புவது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இப்படித்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போகிறவர்கள் மாதிரி தலையாட்டிவிட்டு உள்ளே போவார்கள். போய் ஒருவர் கேஸ் டிரபிள் என்பார், இன்னொருவர் மஞ்சக் காமாலை என்பார். தாத்தாவோடு ஒன்றாக விவசாயம் பார்த்த ஒருவர் தைரியம் சொல்கிறேன் என்று, "இதே அல்சர்தாண்ணா எனுக்கும். கேன்சரா இருக்குமோன்னு நானும் பயந்துகினு இருந்தேன். கடசில பாத்தா ஒண்ணுமே இல்ல" என்றார். தாத்தா எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு ஒருநாள் என்னிடம் கேட்டார். "ஏண்டி, அல்சருக்கு எவனாச்சும் செங்கல்பட்டுலேர்ந்து வேன் வெச்சிகினு வருவானா?"

"உன் மேல பாசம் தாத்தா."

"இத்தினி நாளு எங்க போயிருந்துச்சாம்?"

நான் ரோஸ் மருந்தை எடுக்கப் போய்விட்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டால் அந்த நிமிஷமே நெஞ்சு நின்றுவிடும் என்று நான் நம்பினேன். அப்படி யாருக்கோ ஆனதாகக் கேள்விப்பட்டிருந்தேன். யாருக்கு என்று இப்போது ஞாபகம் இல்லை. தாத்தா தூங்கும்போது போர்வை ஏறி இறங்குகிறதா என்று மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த நாட்களில் தைத்த ஜாக்கெட்டுகளில் பலதைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

வலி அதிகமானது. தாத்தா துண்டைப் பல்லில் கடித்துக்கொள்ள ஆரம்பித்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் சேர்த்துவிடலாம் என்றார் பெரியப்பா. "நாளைக்கு ஒருத்தன் கேட்டா, எல்லாம் பண்ணோம்னு சொல்லணும்ல" என்றார். அப்பா, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். ஆனால் தாத்தா முனகினால் அப்பாவால் உள்ளே இருக்க முடியாது, கேட்டுக்குப் போய்விடுவார். ஐ.சி.யு.வுக்குப் போனால் மாமா மாதிரி குழாயோடு போய்விடுவார், வீட்டில் வைத்தால் இப்படித் துண்டைக் கடித்தே போய்விடுவார். இரண்டும் எனக்குத் தெரிந்தது. எதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அத்தை அதற்குள் கூடுவாஞ்சேரியில் தன் வீட்டு ஹாலைக் காலி செய்திருந்தாள். தலைமாடு தூக்குகிற ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுத்து ஜன்னல் பக்கம் போட்டாள். படுக்கைப் புண் வராமல் இருக்கத் தண்ணி பெட் வாங்கினாள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தாள். "நைனா எங்கிட்டதான் வருவாரு" என்று என்னிடம் சொன்னாள். அவரைக் கேட்காமல் அவரைப் பற்றி அத்தை முடிவு செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஐ.சி.யு.வில் இடம் சொல்லியாகிவிட்டது, மத்தியானம் ஆம்புலன்ஸ் வரும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டோவிலிருந்து அத்தை இறங்கினாள்.

"உள்ள வாங்க. சாவப் போறவரு உள்ளதான கீறாரு. அவருகிட்ட பேசலாம்."

"வாய மூடு. கேட்டுடப் போவுது அவருக்கு" என்றார் பெரியப்பா.

"கேக்கட்டும்னுதான சொல்றேன்."

"பொண்ணு வூட்ல பண்ண வேலய இங்க வந்து பண்ணாத. அது கல்யாணம். இது உசுரு."

"அத்தொட்டுதான் கேக்கணும்னு சொல்றேன்."

நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் அத்தை. தாத்தாவுக்கு ஏதாச்சும் ஆயிடும்."

"இனிமே இன்னாடி ஆவணும்?" என்று கையை விடுவித்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை.

தாத்தா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தை சேரைப் போட்டு அவர் முட்டிக்கு எதிரில் உட்கார்ந்தாள். பெரியப்பா அன்றைக்குத்தான் உள்ளே வந்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல். அப்பா கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். நான் தாத்தாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நைனா, உனுக்கு வந்திருக்கறது அல்சர் இல்ல."

"இன்னாது அப்ப?"

"கேன்சரு. வயித்துல வந்து ஈரலுக்குப் போயிடுச்சு. வைத்தியம் இல்லன்னுட்டாங்க."

தாத்தா மேலே ஃபேனைப் பார்த்தார். அவர் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த ரோஸ் மருந்து எதுக்கு?"

"அது சும்மா நைனா" என்றார் அப்பா.

"சும்மாவாடா அத்தினி பாட்டிலு குடிச்சேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பா நிலையில் நெற்றியை வைத்துக்கொண்டார். அத்தை மட்டும் சேரை விட்டு அசையவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐ.சி.யு. என்றால் என்ன செய்வார்கள், யாரைப் பார்க்க விடுவார்கள் என்று சொன்னாள். இங்கேயே இருக்கலாம், வலிக்குத்தான் கஷ்டம் என்றாள். தன் வீட்டில் கட்டில் போட்டிருப்பதைச் சொன்னாள். கடைசியில், டாக்டர் சொன்ன இடத்தையும் சொன்னாள். அதை ஒளித்திருக்கலாம். அவளுக்கு அது வராது.

"அங்க இன்னா பண்ணுவாங்க?" என்றார் தாத்தா.

"வைத்தியம் பண்ண மாட்டாங்க. வலிக்கு மாத்தர குடுப்பாங்க. குளிப்பாட்டி, துணி மாத்தி, பாத்துக்குவாங்க."

"யாரு குளிப்பாட்டுவா?"

"அங்க அதுக்குன்னு ஆம்பள ஆளுங்க கீறாங்க."

தாத்தா தலையாட்டினார். "துன்னுட்டு சொல்றேன்" என்றார்.

தயிர் சாதம் ரெண்டு வாய் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். ரோஸ் மருந்தை நான் எடுக்கவில்லை. பெரியப்பா ஆம்புலன்சுக்குப் போன் செய்து நேரத்தைத் தள்ளிப் போட்டார். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை மட்டும் உட்கார்ந்து, நான் தைத்த ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் தைத்துக் கொடுத்தாள். தாத்தா எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அத்தையைக் கூப்பிட்டார்.

"அந்த எடத்துக்கே போறேன்."

"நைனா, அது அநாதைங்க போற எடம்" என்றார் பெரியப்பா.

"நீங்கல்லாம் வந்து போயிகினு இருப்பீங்க இல்ல. அப்பறம் நா எப்பிடி அநாத?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அத்தையின் கையில் ஊசி அப்படியே இருந்தது.

"எங்க வூட்ல கட்டிலு போட்டு வெச்சிருக்கேன் நைனா. தண்ணி பெட்டெல்லாம் வாங்கி."

"இருக்கட்டும்."

"நா பாத்துக்க மாட்டனா?"

"பாத்துக்குவ" என்றார் தாத்தா.

அத்தை இன்னொன்று கேட்க வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். மூடிக்கொண்டாள். ஊசியை நூற்கண்டில் குத்தினாள். எழுந்து அண்ணனிடமும் தம்பியிடமும், "கேட்டீங்க இல்ல. வண்டிக்குச் சொல்லுங்க" என்றாள்.

அந்த இடம் நான் பயந்த மாதிரி இல்லை. டெட்டால் வாசனைகூட இல்லை. காலையில் கஞ்சி வாசனை வந்தது. கொடுத்த மாத்திரையில் வலி அடங்கி, தாத்தா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர். இருவரும் பழைய பஸ் ரூட்டுகளைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பழக்கத்தில், "அல்சர் எப்பிடிக்கீது?" என்று ஆரம்பிப்பார்கள். "கேன்சரு. ஈரலு வரிக்கும் போயிடுச்சு" என்று தாத்தா ஊருக்கு வந்த புது சமாச்சாரம் மாதிரி சொல்வார். வந்தவர்கள் பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள்.

அத்தை தினமும் வந்தாள். ரயிலில் வண்டலூர் வந்து, பஸ் மாறி. காலையில் குளிப்பாட்ட ஆள் வரும்போது தாத்தா, "நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்பார். அவள் போய்விட்டு வருவாள். மற்ற நேரமெல்லாம் அவர் எதிரில் உட்கார்ந்திருப்பாள். நான் போகிற நாட்களில் பார்த்திருக்கிறேன், இருவரும் பெரும்பாலும் பேசமாட்டார்கள். அத்தை அப்படி வாயை மூடிக்கொண்டு ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு முற்பகலில் தாத்தா போனார். கஷ்டப்படவில்லை. பெரியப்பா வந்து சேர்கிற வரைக்கும் மூச்சு இருந்தது, பால் ஊற்ற முடிந்தது.

உடம்பை முடிச்சூர் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெருவை மறித்து ஷாமியானா போட்டு, ஆண்களுக்கு வெளியே சேர். உள்ளே பெண்கள். எல்லோருக்கும் பெரியப்பா, ஆஸ்பத்திரியில் இறந்துபோனதாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் பழம் கொண்டுவந்து பார்த்தவர்கள் இருக்கிறார்களே. படப்பையிலிருந்து வந்த பங்காளி ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது ஜன்னல் வழியாக எங்களுக்குக் கேட்டது.

"சொந்த வூடு கீது. ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க, ஒரு பொண்ணு. கொண்டுபோயி ஹோம்ல போட்டாங்களாம்."

பெரியப்பா ஓடினார். "ஹோம் இல்ல சித்தப்பா. அதுவும் ஆஸ்பத்திரிதான். டாக்டரு அங்கதான் சேக்கணும்னு சொல்லிட்டாரு. வேற வழி இல்ல" என்றார். அதைக் கேட்டு அந்தப் பெரியவரும் தலையாட்டினார். அத்தோடு முடிந்திருக்கும்.

அத்தை அழுதுகொண்டிருந்த பெண்கள் நடுவிலிருந்து எழுந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. ஆண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் அந்த நேரத்தில் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. போனாள். நான் பின்னாலேயே போய் ஷாமியானா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலி சேர் இல்லாததால் அத்தை அவர் எதிரில் நின்றுகொண்டே பேசினாள்.

"எங்களப் பத்தியா பேசிகினு கீற சித்தப்பா? எங்கிட்ட கேளு."

"ஒண்ணும் இல்லம்மா. நீ போய் குந்து" என்றார் பெரியவர்.

"யாரும் கொண்டுபோய் போடல. அவரேதான் போனாரு. எங்க வூட்டுக்கு வா, நா பாத்துக்கறேன்னு கூப்ட்டேன். வர்லன்னுட்டாரு."

பறை அடிக்க வந்தவர்கள் பீடியை அணைத்துவிட்டுப் பார்த்தார்கள். பெரியப்பா வேறெங்கோ திரும்பிக்கொண்டார். பெற்ற அப்பன் மகள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னதை இப்படி நடுத்தெருவில் யாராவது சொல்வார்களா. இதற்கு ஊரில் என்னென்ன பேசுவார்கள் என்று என் மனதில் வரிசையாக ஓட ஆரம்பித்தது. அதில் பாதியைப் பிற்பாடு பேசவும் செய்தார்கள்.

"சரி வுடும்மா" என்றார் பெரியவர்.

அத்தை உள்ளே போய், எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

எடுத்துப் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டோம். பெண்கள் எல்லோரும் குளித்தார்கள். பின்பக்கக் குழாயடியில் அத்தை தாத்தாவின் வேட்டிகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியப்பாதான் சமாளிச்சிட்டாரே அத்தை. நீ ஏன் போய் அதச் சொன்ன?"

"அவரா போனது பொய்யாயிடும்ல."

"தாத்தா ஏன் உங்க வீட்டுக்கு வரலன்னு நீ கேட்டியா?"

"இல்ல."

"தினமும் எதிர்லயே உக்காந்திருந்தியே. கேட்டிருக்கலாமே."

அத்தை வேட்டியை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டுகிறது நின்ற பிறகும் இன்னொரு முறுக்கு முறுக்கினாள்.

"கேட்டா சொல்லிடுவாருடி" என்றாள்.